‘எங்கட புள்ளைக்கு அது புடிக்காது’ என்று முடிவு செய்தது யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. உம்மாமார் மட்டுமல்ல, வாப்பாமாரும் கடைசி வரைக்கும் வாசியுங்கள். சொல்லப்போனால் வாப்பாமார்தான் முதலில் வாசிக்க வேண்டும்.

2024 மார்ச் மாதத்தில் அரசாங்கப் பாடசாலைகளில் தரம் 1 முதல் 5 வரை படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. நாடு முழுக்க ஏறத்தாழ 16 லட்சம் பிள்ளைகள். சோறு, பருப்பு, ஒரு கீரைச் சுண்டல், முட்டை அல்லது நெத்தலி, இன்னொரு நாளைக்குப் பயறு. பொருளாதார நெருக்கடியில் அடிபட்ட ஒரு நாட்டுக்கு இது சின்ன விசயமில்லை. ஆனால் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள், சாப்பாடு முடிந்ததும் கழிவு வாளியில் என்ன கிடக்கிறது என்று. கீரை கிடக்கும். நெத்தலி கிடக்கும். சில நாட்களில் பயறு அப்படியே கிடக்கும். பக்கத்தில் வெறும் நூடில்ஸ் பெக்கெட் ஒன்றும் கிடக்கும். அது மட்டும் நக்கித் துடைத்த மாதிரி இருக்கும்.

பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னால் வரும் பதில் எனக்கு மனப்பாடம். “அவன் கீரையத் தொடவும் மாட்டான் டீச்சர். அவனுக்கு அது புடிக்காது.” “எங்கட மகள் மீன் வாசத்துக்கே சத்தி எடுப்பா.” “இவருக்குக் கோழி மட்டுந்தான் டீச்சர், வேற ஒண்டும் இறங்காது.” சொல்கிறவர் முகத்தில் கவலை இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள், அந்தக் கவலைக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருக்கிறதா இல்லையா? நம்ம ஊரில் “எங்கட புள்ள எல்லாத்தையும் சாப்பிடமாட்டான்” என்பது வசதியான வீட்டின் அடையாளமாகிவிட்டது. கீரை தின்பது இல்லாதவன் வீட்டுப் பிள்ளை என்று நினைக்கிறோம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஆறு வயதுப் பிள்ளையைப் பற்றி “பிடிக்காது” என்று சொல்வது பிழையான சொல். “இன்னும் பழகவில்லை” என்பதுதான் சரியான சொல். அந்தப் பிள்ளை எதற்குப் பழக வேண்டும், எதற்குப் பழகக் கூடாது என்பதை இந்த ஆறு வருடமும் தீர்மானித்தது பிள்ளை இல்லை. நாம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு பிள்ளை வருடத்தில் ஏறத்தாழ 200 நாள் பாடசாலைக்கு வருகிறது. போகும்போது ஒரு பெக்கெட், வரும்போது ஒரு பெக்கெட். அந்தச் சுவையை அது வருடத்துக்கு 400 தடவை சந்திக்கிறது. முருங்கைக் கீரையை எத்தனை தடவை சந்தித்தது? ஒரு நாள் தட்டில் வைத்தோம், முகத்தைச் சுளித்தது, “சரி விடு, அவனுக்கு வேணாம்” என்று எடுத்துவிட்டோம். இரண்டு தடவை, கூடினால் மூன்று தடவை. 400 தடவை சந்தித்தவன் நண்பன். மூன்று தடவை சந்தித்தவன் அந்நியன். பிள்ளை அந்நியனிடம் போகமாட்டேன் என்கிறது. அதில் என்ன அதிசயம்?

இன்னொரு விசயத்தையும் யோசியுங்கள். பெக்கெட்டில் வரும் எதுவும் நேற்று இருந்த மாதிரியே இன்றைக்கும் இருக்கும். அதே உப்பு, அதே மொறுமொறுப்பு, அதே வாசம். தொழிற்சாலை அப்படித்தான் செய்கிறது. வீட்டுக் கீரை அப்படியா? இன்றைக்குக் கொஞ்சம் கசக்கும், நாளைக்குக் கொஞ்சம் குழையும், மறுநாள் தேங்காய்ப்பூ கூடிவிடும். மீனும் அப்படித்தான், ஒரு நாள் முள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. ஆகவே வீட்டுச் சாப்பாட்டை நம்புவதற்குப் பிள்ளைக்குக் கூடுதலான தடவை வேண்டும். நாமோ பெக்கெட்டுக்கு 400 வாய்ப்பும் கீரைக்கு மூன்று வாய்ப்பும் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் நாக்கைக் குற்றம் சொல்கிறோம்.

“டீச்சர் சும்மா கதைக்கிறா” என்று நினைக்க வேண்டாம். இது நிறைய ஆராய்ச்சி செய்த விசயம்.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரைக்கும் புதிய சாப்பாட்டுக்குப் பயப்படுவது பிள்ளைகளின் இயல்பு. நடக்கப் பழகிய பிள்ளை கண்டதையெல்லாம் வாயில் போட்டு நஞ்சு தின்றுவிடாமல் இருக்க அல்லாஹ் வைத்த பாதுகாப்பு என்றே நான் இதைப் பார்க்கிறேன். அமெரிக்காவில் லியான் பேர்ச் என்ற பெண் ஆய்வாளர் 1980களில் சின்னப் பிள்ளைகளுக்குப் புதிய உணவுகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார். எத்தனை தடவை கூடச் சுவைத்தார்களோ அத்தனைக்கு விருப்பமும் கூடியது. இங்கிலாந்தில் ஜேன் வார்டில் என்பவரின் குழு 2003 இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2 முதல் 6 வயது வரையான பிள்ளைகளின் பெற்றோர் 156 பேர் அதில் பங்குபற்றினார்கள். ஒரு பகுதியினர், பிள்ளை விரும்பாத ஒரு மரக்கறியை 14 நாள், நாளுக்கு ஒரு சின்னத் துண்டு மட்டும் வீட்டிலேயே சுவைக்கக் கொடுத்தார்கள். சத்துணவு பற்றி அறிவுரை மட்டும் கேட்ட பெற்றோரின் பிள்ளைகளை விட, இப்படித் தினமும் சுவைத்த பிள்ளைகள் அந்த மரக்கறியைக் கூடுதலாக விரும்பினார்கள், கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

14 நாள். நாம் மூன்றாம் நாளே கைவிடுகிறோம்.

பெரியவர்களுக்கும் இது இருக்கிறது. நம்ம ஊருக்கே வந்த ஒருவரைச் சொல்கிறேன். மொரோக்கோ தேசத்து இப்னு பதூதா 1344 இல் புத்தளத்தில் வந்து இறங்கினார். பத்தாலா என்று நம்ம ஊரை எழுதி வைத்திருக்கிறார். பாதி உலகத்தைச் சுற்றிய மனிதர். கோதுமை ரொட்டி தின்று வளர்ந்தவர். மலபார், மாலைதீவு, இலங்கை என்று இந்தப் பக்கங்களில் மூன்று வருடம் சோறு மட்டுமே சாப்பிட்டு, கடைசியில் தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் அதை விழுங்க முடிந்தது என்று எழுதியிருக்கிறார். நமக்கு அமுதமான சோறு அவருக்குத் தொண்டையில் நின்றது. சோற்றில் குறையா? அவரில் குறையா? இரண்டும் இல்லை. சின்ன வயதில் அவர் அதைச் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஒரு சம்பவம் நம்மில் பலருக்குத் தெரியும். அன்னை மைமூனா (ரழி) அவர்களின் வீட்டில் சுட்ட உடும்பு இறைச்சி வைக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரழி) கேட்டார்கள். இல்லை, தன் சமூகத்தார் வாழும் நாட்டில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். காலித் (ரழி) அவர்கள் முன்னிலையிலேயே அதைச் சாப்பிட்டார்கள். நான் ஆலிமா இல்லை, சட்டம் பேச வரவில்லை. ஓர் ஆசிரியையாக எனக்குத் தெரிவது இதுதான்: உணவைப் பழிக்கவில்லை, சாப்பிடுகிறவரைத் தடுக்கவில்லை, மனம் ஒப்பாததற்குக் காரணமாகச் சொன்னது பழக்கமில்லாததை. அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை என்றும் ஹதீஸ் இருக்கிறது. நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன நடக்கிறது? “சீ, இன்டைக்கும் பீர்க்கங்காயா?” என்று முதலில் முகம் சுளிப்பது யார்? பெரும்பாலும் பிள்ளை இல்லை. வாப்பா.

வாப்பாமாரே, கோபிக்க வேண்டாம். பிள்ளை உங்கள் நாக்கைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறது. நீங்கள் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி வைத்த கீரையை ஐந்து வயது மகன் ஒருநாளும் வாயில் வைக்கமாட்டான். உம்மா ஒரு மணித்தியாலம் பாடுபட்டு ஊட்ட முயற்சி செய்வார். நீங்கள் வந்து “அழவைக்காத, விடு” என்று சொல்லி ரோல்ஸ் ஒன்றை வாங்கிக் கொடுத்து ஒரு நிமிடத்தில் நல்லவராகிவிடுவீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளை ஒரு பாடம் படித்துவிட்டது: வாயை மூடிக்கொண்டிருந்தால் ரோல்ஸ் வரும்.

இதற்கு வரும் பதில்களை எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“அடிச்சு உருக்கித்தான் எங்களுக்கெல்லாம் ஊட்டினாங்க, நாங்க வளரல்லயா?” வளர்ந்தோம். ஆனால் அப்படி ஊட்டிய சாப்பாட்டில் எதை இன்றைக்கும் விருப்பமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று நேர்மையாகச் சொல்லுங்கள். “முடி, முடி” என்று வற்புறுத்திய பிள்ளைகள் குறைவாகவே சாப்பிட்டார்கள், அந்த உணவைப் பற்றி வெறுப்பாகவும் பேசினார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடித்தால் கீரை உள்ளே போகும். விருப்பம் போகாது. மறுபக்கம் லஞ்சம் கொடுப்பதும் பிழைதான். “இந்தக் கீரையச் சாப்பிட்டா டொபி தருவன்” என்று சொன்னால், கீரை தண்டனை, டொபி பரிசு என்றுதான் பிள்ளைக்கு விளங்கும்.

“எங்களுக்கு வீணாக்கக் காசில்ல டீச்சர்.” இதை நான் மதிக்கிறேன். 2022 செப்டெம்பரில் சாப்பாட்டுச் சாமான்களின் பணவீக்கம் நூற்றுக்கு 90ஐத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. பிள்ளை எறிந்துவிடும் என்று தெரிந்தால் எந்தத் தாய்க்கும் புதிய ஒன்றைச் சமைக்கக் கை வராது. பொஸ்டன் நகரத்தில் கெய்ட்லின் டேனியல் என்ற ஆய்வாளரும் இதையே கண்டு 2016 இல் எழுதினார். வருமானம் குறைந்த தாய்மார், வீணாகிவிடும் என்ற பயத்தில்தான் பிள்ளை சாப்பிடும் என்று தெரிந்ததை மட்டும் வாங்குகிறார்கள். அது அறியாமை இல்லை, கணக்கு. ஆனால் நான் கேட்பது தனிச் சமையல் இல்லை. பெரியவர்களுக்கு ஏற்கெனவே சமைத்த சட்டியிலிருந்து ஒரு தேக்கரண்டி. வீணானாலும் ஒரு தேக்கரண்டிதான். முருங்கை இலைக்குக் காசு யார் கொடுக்கிறார்கள்? நம்ம ஊரில் எத்தனை வேலியில் முருங்கை நிற்கிறது! காசு போவது பெக்கெட்டுக்கு. அதைக் கூட்டிப் பார்க்க மட்டும் நமக்குப் பயம்.

“நேரமில்ல.” விடியக் காலையில் நாலு பேருக்குச் சமைத்து, பிள்ளைகளை உடுப்பாட்டி அனுப்பும் தாய்க்கு நேரமில்லை என்பது உண்மை. உம்மா வெளிநாட்டில், வளர்ப்பது உம்மம்மா என்ற வீடுகளும் நம்மிடம் நிறைய. அந்த உம்மம்மாமாரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் வீட்டில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்களே. கீரை ஆயவும் பிள்ளையோடு பத்து நிமிடம் இருந்து சாப்பிடவும் ஆண்களுக்குக் கை இல்லையா?

“விற்றமின் சிரப் கொடுக்கிறம், அது போதும்.” சிரப் நாக்கைப் பழக்காது. வைத்தியர் எழுதித் தந்தால் கொடுங்கள். அதைக் கீரைக்குப் பதில் ஆக்காதீர்கள். சோற்றோடு தேத்தண்ணி கொடுக்கும் வழக்கத்தையும் விடுங்கள். சாப்பாட்டிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை குறைக்கிறது. மாறாக ஒரு துளி தேசிக்காய் பிழிந்தால், கீரையில், பருப்பில் இருக்கும் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். வயதுக்கு வரும் மகள்மாருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று உம்மாமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏழு வயதில் கீரையும் மீனும் பருப்பும் வேண்டாம் என்று விட்ட பிள்ளைதான், பதினைந்து வயதில் காலைக் கூட்டத்தில் தலைசுற்றி விழுகிறது.

சரி, எதில் தொடங்குவது? இதற்கு சுப்பர் மார்க்கெட்டுக்குப் போகத் தேவையில்லை. பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு ஒரு பாலம் போட வேண்டும். அந்தப் பாலமெல்லாம் நம்ம குசினியிலேயே இருக்கிறது.

1. பால் ஆணம். கொச்சிக்காய்த் தூள் இல்லாத, தேங்காய்ப்பால் ஆணம் போல் லேசான சாப்பாடு உலகத்தில் குறைவு. முதலில் கிழங்குப் பால் ஆணம். அதைச் சாப்பிடும் பிள்ளைக்கு அடுத்த தடவை பாதிக் கிழங்கு, பாதிப் பூசணி. பிறகு பீர்க்கங்காய். பிறகு அதே ஆணத்தில் முள்ளெடுத்த ஒரு துண்டு மீன். குழம்பு அதேதான், உள்ளே இருப்பது மட்டும் மாறுகிறது.

2. புட்டு. வெள்ளைப் புட்டு சாப்பிடும் பிள்ளைக்கு மூன்று பிடி அரிசி மாவோடு ஒரு பிடி குரக்கன் மா. முதலில் வாழைப்பழத்தோடு கொடுங்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு ஆணத்தோடு.

3. முட்டைப் பொரியல். ஒரு சிட்டிகை முருங்கை இலை, காம்பு இல்லாமல் ஆய்ந்தது. காம்பு நாக்கில் ஒட்டினால் பிள்ளை அதோடு போய்விடும். அடுத்த கிழமை இரண்டு சிட்டிகை.

4. தேங்காய் ரொட்டி. மாவில் கரட் துருவல், கொஞ்சம் வெங்காயம். கையில் பிடித்துச் சாப்பிடுவதால் பிள்ளைக்குத் தன் இஷ்டம் என்ற நினைப்பு வரும்.

5. மீன். மொறுமொறுப்பாகப் பொரித்த நெத்தலியில் தொடங்குங்கள். பெக்கெட்டின் மொறுமொறுப்புக்குப் பழகிய வாய்க்கு அது கிட்டத்துச் சொந்தம். முள்ளோடு சாப்பிடுவதால் கல்சியமும் கிடைக்கும். பிறகு மீன் கட்லட், பிறகு பொரித்த துண்டு, கடைசியாக ஆணம். களப்பு ஓரத்தில் பிறந்த பிள்ளை மீன் வாசத்துக்கு மூக்கைப் பொத்துவதும், எங்கோ பெட்டியில் அடைத்து வரும் சொசேஜஸை ஆசையாகத் தின்பதும் நமக்கு வெட்கமாக இல்லையா?

6. அவித்த கடலை, பயறு. தேங்காய்ச் சொட்டு, துளி உப்பு. இடைவேளைப் பெட்டிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? சின்னப் பிள்ளைகளுக்கு மசித்துக் கொடுங்கள், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும்.

7. புளிப்பும் கசப்பும் கடைசியில். உப்புத் தொட்ட மாங்காய், அன்னாசி, பிறகு மெல்லிசாக வெட்டிப் பொரித்து வெங்காயமும் தேசிக்காயும் சேர்த்த பாவக்காய்ச் சம்பல். பாவக்காயை முதல் நாளே கொடுத்துத் தோற்றுவிட்டு “கீரை, மரக்கறி ஒண்டும் புடிக்காது” என்று தீர்ப்பு எழுத வேண்டாம்.

கொடுக்கும் முறை இதைவிட முக்கியம். தட்டில் தெரிந்தது இரண்டு, தெரியாதது ஒன்று. தெரியாதது ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். சாப்பாட்டுக்கு முந்திய ஒரு மணித்தியாலம் பிஸ்கட், பால் தேத்தண்ணி எதுவும் வேண்டாம், பசி வரட்டும். பிள்ளை துப்பினால் கோபம் வேண்டாம், நக்கிப் பார்த்தாலே அது ஒரு தடவை. என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர் தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். எலின் சட்டர் என்ற அமெரிக்கச் சத்துணவு நிபுணர் பல வருடமாகச் சொல்லி வருவது இதைத்தான். நாம் தலைகீழாகச் செய்கிறோம். என்ன சமைப்பது என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் கேட்கிறோம், எவ்வளவு என்பதற்கு மட்டும் அதட்டுகிறோம்.

ஒளித்துக் கொடுக்கும் வேலையும் வேண்டாம். கீரையை அரைத்துக் கட்லட்டுக்குள் வைத்து “இதுல ஒண்டும் இல்ல வாப்பா” என்று சொல்லி ஊட்டினால் இன்றைக்கு உள்ளே போகும். பிள்ளை கண்டுபிடித்த நாளிலிருந்து கட்லட்டும் போய்விடும், உங்கள் சொல்லும் போய்விடும். “இது முருங்கை இலை, நம்ம வேலியில நிக்குதே, அது” என்று சொல்லிக் கொடுங்கள். பிள்ளையே போய்ப் பறித்து வரட்டும்.

இதெல்லாம் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. றமழானில் பள்ளிவாசல் கஞ்சியை எந்தப் பிள்ளை வேண்டாம் என்கிறது? இஞ்சி, உள்ளி, ரம்பை, வெந்தயம், இறைச்சி, தேங்காய்ப்பால். இதையே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை கோப்பையில் ஊற்றி ஆறு வயதுப் பையனுக்கு முன்னால் வைத்தால் “இஞ்சி நாறுது” என்பான். றமழானில் அவனே ஜக்கைத் தூக்கிக்கொண்டு அஸருக்குப் பிறகு ஓடுகிறான். ஏன்? பசி இருக்கிறது. ஊரே அதைக் குடிக்கிறது. கூட்டாளி குடிக்கிறான். யாரும் வற்புறுத்தவில்லை. முப்பது நாள் திரும்பத் திரும்ப வருகிறது. நான் மேலே சொன்ன எல்லா விதியும் அந்த ஒரு ஜக்குக்குள் இருக்கிறது. கலியாண வீட்டு சஹனும் அப்படித்தான். ஆறு பேர் ஒரு தட்டில் உட்கார்ந்தால், வீட்டில் மூக்கைச் சுளிக்கும் பிள்ளை பக்கத்திலுள்ள சாச்சா தள்ளி வைத்ததை எடுத்துத் தின்கிறது. 1980 இல் பேர்ச் வெளியிட்ட ஓர் ஆய்வும் இதுதான். ஒரு மரக்கறியை விரும்பாத பிள்ளையை, அதை விரும்பும் பிள்ளைகளோடு சில நாள் உட்காரவைத்தார். அந்தப் பிள்ளையும் அதற்கே மாறியது. நம்ம மூத்தவர்கள் ஆய்வு எதையும் வாசிக்காமல் சஹனில் இதைச் செய்தார்கள். நாம் பிள்ளைக்குத் தனித் தட்டு, தனிச் சமையல், கையில் போன் என்று பிரித்து வைத்துவிட்டு, பிள்ளை நம்மோடு சாப்பிடுவதில்லை என்று அழுகிறோம்.

நம்ம ஊரே புதுச் சுவை பழகிய ஊர்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம்ம சகோதரர்கள் புத்தளத்துக்கு வந்தபோது, இரண்டு ஊர்க் குசினிகள் பக்கத்தில் பக்கத்தில் அடுப்பு மூட்டின. வந்தவர்கள் இங்குள்ள சாப்பாட்டுக்குப் பழகினார்கள், இங்குள்ளவர்கள் அவர்களின் சாப்பாட்டுக்குப் பழகினார்கள். பசியும் கஷ்டமும் இருந்த காலத்தில் பெரியவர்களுக்கு முடிந்தது. வீட்டில் உம்மா பக்கத்தில் இருக்க, ஒரு தேக்கரண்டி பூசணிக்குப் பிள்ளைக்கு ஏன் முடியாது?

வீட்டோடு மட்டும் இது முடியாது என்பதும் எனக்குத் தெரியும். வீட்டில் பழக்கி அனுப்பும் பிள்ளை பாடசாலை வாசலில் எதைப் பார்க்கிறது? நிறநிறமாய்த் தொங்கும் பெக்கெட்டுகளைத்தான். சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதற்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கூரைத் தகட்டையும் இல்ல விளையாட்டுப் போட்டியையும் பற்றி இரண்டு மணித்தியாலம் பேசுகிறோம், இதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. 2016 ஓகஸ்டிலிருந்து இனிப்புப் பானங்களின் பெக்கெட்டில் நிற அடையாளம் போட வேண்டும் என்பது சட்டம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. சிவப்பு அடையாளமுள்ள 200 மில்லிலீற்றர் பெக்கெட் ஒன்றில் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் சீனி போகிறது. இதை வாசிக்கப் பட்டம் தேவையில்லை, சிவப்பும் பச்சையும் தெரிந்தால் போதும். குர்ஆன் மத்ரஸாவில் ஓதி முடித்த பிள்ளைக்கு டொபி கொடுக்கும் உஸ்தாத்மாருக்கும் அன்பான வேண்டுகோள்: ஒரு பேரீச்சம்பழம் கொடுங்கள். பேர் நிலைக்கும்.

ஒரு முக்கியமான விசயம். எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தாது. சில பிள்ளைகளுக்குச் சாப்பாட்டின் தன்மையே தாங்காது, சிலருக்கு ஓட்டிசம் இருக்கலாம், சிலருக்கு விழுங்குவதில் உண்மையான கஷ்டம் இருக்கலாம். எடை ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ, ஒவ்வொரு தடவையும் விக்கினாலோ, முன்பு சாப்பிட்டதையும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாலோ, கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு மிட்வைஃப் மிஸ்ஸிடம் அல்லது வைத்தியரிடம் போங்கள். இறால், கச்சான் சாப்பிட்டு உடம்பு தடித்தால் “பழகிப் போகும்” என்று திரும்பக் கொடுக்கவே வேண்டாம், அது ஒவ்வாமை. அப்படியான பிள்ளைகளின் உம்மாமாரிடம் போய் இந்தப் பதிவைக் காட்டிப் பாடம் நடத்தவும் வேண்டாம். அவர்கள் படும் பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

மற்ற எல்லோருக்கும் சொல்கிறேன். இந்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஒன்றே ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். பூசணியோ, முருங்கை இலையோ, நெத்தலியோ. 14 நாள், நாளுக்கு ஒரு தேக்கரண்டி, வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து அதையே சாப்பிட வேண்டும். சுவரில் உள்ள கலண்டரில் ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போடுங்கள். 14 கோடும் போட்டு முடிந்த பிறகு என்னிடம் வந்து “புடிக்காது டீச்சர்” என்று சொல்லுங்கள். ஏற்றுக்கொண்டு அடுத்த மரக்கறியைச் சொல்லித் தருகிறேன்.

மூன்று கோட்டோடு மட்டும் வந்துவிட வேண்டாம்.

வஸ்ஸலாம்.